கிழச்சிங்கத்தின் விலை

2023 செப்டம்பர் 11, திங்கள் இரவு. நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில் நியூயார்க் ஜெட்ஸ் அணியில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆரோன் ராட்ஜர்ஸ் முதல் முறையாக இறங்கினார். வயது 39. அமெரிக்கக் கால்பந்து லீக்கின் தலைசிறந்த வீரர் விருதை நான்கு தடவை வாங்கியவர். அவரை வாங்கிய அணியோ 1969 ஜனவரிக்குப் பிறகு, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் பக்கமே எட்டிப் பார்க்காதது. 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்காதது. பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவதை ஸ்னாப் என்பார்கள். ஒரு சீசனில் ஓர் அணிக்கு அது ஆயிரத்துக்கும் மேல் வரும். ராட்ஜர்ஸ் நின்றது நான்கே ஸ்னாப். நான்காவதில் பஃபலோ பில்ஸ் அணியின் லெனார்ட் ஃப்ளாய்ட் அவரைச் சாய்த்தார். எழுந்து நின்றவர் மறுபடி புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். இடது குதிகால் தசைநார் அறுந்திருந்தது. அதே நொடியில், அவரை விற்ற கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் கணக்கிலும் ஓர் எண் மாறியது. விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது: அந்த சீசனில் அணியின் ஸ்னாப்களில் 65 விழுக்காட்டை அவர் ஆடினால் ஜெட்ஸ் 2024-இல் தன் முதல் சுற்று உரிமையைத் தர வேண்டும்; ஆடாவிட்டால் இரண்டாம் சுற்று உரிமை போதும். முதல் சுற்று இரண்டாம் சுற்றாகச் சுருங்கியது. ஜெட்ஸ் அந்த ஆண்டில் செய்த புத்திசாலித்தனமான காரியம் அந்த ஒரு வாசகம்தான்.

இந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு மாதிரி இருக்கும். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள். ஒரு வீரரை இன்னோர் அணியிடமிருந்து வாங்க ரொக்கம் கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும். அதில் தன் முறை வரும்போது ஒருவரை எடுக்கும் உரிமைதான் நாணயம். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை இடம். டல்லாஸ் கௌபாய்ஸில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த 1990களின் தொடக்கத்தில் ஒரு மதிப்பெண் பட்டியல் உருவானது: முதல் இடத்துக்கு 3,000 புள்ளி, முப்பத்திரண்டாவது இடத்துக்கு 590. இன்றைக்கும் பேரம் பேசுகிறவர்கள் அந்தப் பட்டியலையோ அதன் வாரிசுகளையோ மேசையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். மறுபக்கம் சம்பள உச்சவரம்பு. 2023-இல் ஓர் அணி மொத்தமாகச் செலவிடலாம் என்று லீக் வகுத்த தொகை 22.48 கோடி டாலர். அதற்குள் ஐம்பத்துச் சொச்சம் பேரைக் கட்டி மேய்க்க வேண்டும். ஆக, மூத்த நட்சத்திரம் ஒருவரை வாங்கும் அணி இரண்டு பைகளிலிருந்து கொடுக்கிறது. ஒன்று எதிர்காலத்தின் பை, இன்னொன்று நிகழ்காலத்தின் பை.

பேரம் நடக்கும் வாரங்களில் எல்லோரும் கேட்பது ‘எத்தனை முதல் சுற்று?’ என்றுதான். அது தப்பான இடத்தில் நிற்கும் கேள்வி. வயதான குவார்ட்டர்பேக் விஷயத்தில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம், எதைப் பார்த்த பிறகு கொடுக்கிறோம் என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானித்திருக்கிறது. அவர் செய்துகாட்டியதற்கு ஏற்கெனவே வேறோர் அணி சம்பளம் கொடுத்து முடித்துவிட்டது. நாம் வாங்குவது அவர் இனிமேல் ஆடப்போகும் ஆட்டத்தை மட்டும். அது உடம்பைப் பொறுத்தது, சுற்றி நிற்கும் பத்துப் பேரைப் பொறுத்தது, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. அப்படிப்பட்ட சரக்குக்கு முழு விலையையும் முன்பணமாகக் கொடுப்பதுதான் தவறு. ஏறக்குறைய 13 மாத இடைவெளியில் நடந்த இரண்டு வாணிபங்களை அருகருகே வைத்தால் இது தெளிவாகும்.

2021 ஜனவரி இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ் அணியிடமிருந்து மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கியது. கொடுத்தது: 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகள், 2021-இன் மூன்றாம் சுற்று, கூடவே தன்னுடைய குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃப். டெட்ராய்டில் 12 சீசன் ஆடி ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைக்கூட வெல்லாத, 33 வயதை எட்டவிருந்தவருக்கு இது அநியாய விலை என்று அன்று பலர் சொன்னார்கள். ஆனால் அந்த விலைக்குள் இன்னொரு விலை ஒளிந்திருந்தது. 2019-இல் கோஃபுக்கு ராம்ஸ் எழுதிக் கொடுத்திருந்த 13.4 கோடி டாலர் ஒப்பந்தம் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. இரண்டு முதல் சுற்றில் ஒன்றை அந்தக் கல்லை டெட்ராய்ட் தூக்கிக்கொண்டதற்கான கூலி என்று கொள்வதே சரியான கணக்கு. முக்கியமானது அடுத்து நடந்தது, அல்லது நடக்காதது. ஸ்டாஃபோர்டின் பழைய ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. கையெழுத்துப் பணத்தை டெட்ராய்ட் ஏற்கெனவே கொடுத்திருந்ததால், ராம்ஸ் அவருக்கு ஏற்க வேண்டியிருந்தது சந்தை நிலவரத்துக்கு மலிவான சம்பளம். ராம்ஸ் புது ஒப்பந்தத்தைத் தொடவில்லை. சீசனை ஆடவிட்டது. 2022 பிப்ரவரி 13-இல் சொந்த ஊர் சோஃபி மைதானத்திலேயே சின்சினாட்டி பெங்கால்ஸை 23-20 என வென்று சூப்பர் பௌலைத் தூக்கியது. அடுத்த மாதம்தான் புது ஒப்பந்தம், நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர்.

அதே 2022 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ், சியாட்டில் சீஹாக்ஸிடமிருந்து ரஸ்ஸல் வில்சனை வாங்கியது. அவருக்கு வயது 33. கொடுத்தது இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஓர் ஐந்தாம் சுற்று, மூன்று வீரர்கள். திரும்ப வந்தது வில்சனும் ஒரு நான்காம் சுற்றும். விலை பெரிதுதான், ஆனாலும் ராம்ஸ் கொடுத்ததிலிருந்து எட்டாத் தொலைவில் இல்லை. வில்சனின் பழைய ஒப்பந்தத்திலும் இரண்டு ஆண்டுகள் பாக்கி. டென்வருக்கு எந்த அவசரமும் இல்லை. இருந்தும், ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர் தங்கள் சட்டையில் ஆடிப் பார்க்காமல், 2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் நீட்டிப்பை எழுதிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து முதல் ஆட்டம், அதுவும் சியாட்டிலில். 17-16 எனத் தோல்வி. அந்த சீசன் 5 வெற்றி, 12 தோல்வி. வில்சனின் டச்டவுன் எறிதல்கள் வெறும் 16, அதுவரையிலான அவர் வாழ்க்கையில் மிகக் குறைவு. பயிற்சியாளர் நதானியேல் ஹேக்கெட் சீசன் முடியுமுன்பே வெளியே. 2024 மார்ச்சில் வில்சனையும் வெளியே அனுப்பினார்கள். நீட்டிப்பின் முதல் ஆண்டு தொடங்கும் முன்பே அது கிழிந்தது. ஆடாத வீரருக்காக உச்சவரம்பில் உட்கார்ந்திருக்கும் தொகையைச் செத்த பணம் என்கிறார்கள். வில்சனால் டென்வர் சுமந்த செத்த பணம் 8.5 கோடி டாலர், லீக் அதுவரை காணாதது. இழந்த உரிமைகளில் சியாட்டில் எடுத்தவர்களில் சார்ல்ஸ் கிராஸும் டெவன் விதர்ஸ்பூனும் உண்டு. அந்த இழப்பு வலிக்கும், ஆனால் ஆறும். டென்வரைக் கவிழ்த்தது மார்ச்சில் கொடுத்த விலை அல்ல, செப்டம்பரில் போட்ட கையெழுத்து.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு, லேசான மறுப்பும் அல்ல. நல்ல குவார்ட்டர்பேக் என்பது அரிதிலும் அரிது. 32 அணிகளுக்கும் போதுமான அளவில் அவர்கள் உலகத்திலேயே இல்லை. அகப்பட்டால் என்ன விலையானாலும் கொடுத்து வாங்க வேண்டியதுதான், கோப்பை வந்த பிறகு யாரும் ரசீதைப் பார்ப்பதில்லை. ராம்ஸையே சாட்சிக்கு அழைப்பார்கள்: 2016-க்குப் பிறகு 2024 வரை முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுக்காமல், உரிமைகளை அள்ளி வீசி, இடையில் பட்டம் வென்ற அணி. உண்மைதான். ஆனால் ராம்ஸ் எதன் மேல் ஸ்டாஃபோர்டைக் கொண்டுவந்து வைத்தது என்று பார்க்க வேண்டும். 2018 சீசனில் சூப்பர் பௌல் வரை போன அணி அது. 2020-இல் லீக்கிலேயே மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த தற்காப்பு அதனுடையது. அந்தத் தற்காப்பின் நடுவில் ஏரன் டானல்ட் நின்றார். 2022-இல் வென்ற சூப்பர் பௌலின் சிறந்த வீரரான கூப்பர் கப், 2017-இல் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். முதல் சுற்றை விற்றுத் தின்னும் அணிக்கு மூன்றாம், ஐந்தாம் சுற்றுகளில் ஆள் பிடிக்கத் தெரிந்திருந்தது. 2023-இல் புகா நகுவாவை ஐந்தாம் சுற்றில் எடுத்ததும் அதே கை. கூரை மட்டும் பாக்கியிருந்த வீட்டுக்குக் கூரை வாங்கினார்கள். அப்படி இருந்தும் 2022-இல் 5-12 என விழுந்தார்கள். டெட்ராய்டுக்குக் கொடுத்திருந்த உரிமை ஆறாவது இடமாக மாறி அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொரு தரப்பு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. டிராஃப்ட் உரிமை என்பதே லாட்டரிச் சீட்டு, பாதிப் பேர் தேறமாட்டார்கள், ஆகவே தெரிந்த நட்சத்திரத்துக்காக அதைக் கொடுப்பதில் நட்டமே இல்லை என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை. ஆய்வாளர்கள் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் இந்த டிராஃப்டையே ஆராய்ந்து, அணிகள் முன்வரிசை இடங்களுக்குத் தகுதிக்கு மீறிய விலை கொடுக்கின்றன, யார் தேறுவார் என்று கணிப்பதில் தங்களுக்குள்ள திறமையை மிகையாக எண்ணிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். ஆனால் அந்த ஆய்வின் மறுபாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு உரிமையை இந்த ஆண்டுக்காக விற்கிற அணிகள் கந்துவட்டிக்காரனும் கூசும் விகிதத்தில் அதைத் தள்ளுபடி செய்கின்றன என்பதும் அவர்கள் கண்டதுதான். சந்தை வழக்கப்படி அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று, இந்த ஆண்டின் மூன்றாம் சுற்றுக்குச் சமம். ஒரே ஓர் ஆண்டு காத்திருப்பதற்கு ஒரு முழுச் சுற்று வட்டி! தவிர, லாட்டரிச் சீட்டு என்றாலும் அது மலிவான சீட்டு. 2023-இன் முதல் தேர்வான பிரைஸ் யங்கின் நான்கு ஆண்டு மொத்தச் சம்பளம் சுமார் 3.8 கோடி டாலர். வில்சனின் நீட்டிப்போ ஆண்டு ஒன்றுக்கு 4.9 கோடி. இளம் வீரர் தேறினால் உச்சவரம்பில் மிச்சமாகும் பணத்தில் இன்னும் இரண்டு மூன்று பேரை வாங்கலாம். தேறாவிட்டால் போகிறது கொஞ்சம். செத்த பணத்தைச் சுமந்தபடியே டென்வர் 2024-இல் பிளேஆஃப் போனதற்கு, அந்த ஆண்டு முதல் சுற்றில் எடுத்த போ நிக்ஸின் மலிவான ஒப்பந்தம் ஒரு பெரிய காரணம்.

‘நிபந்தனை போட்டால் விற்கிறவன் ஒத்துக்கொள்வானா?’ நியாயமான கேள்வி. ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் நாட்டிலேயே பிடிவாதக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள். 2008 ஆகஸ்டில் இதே கிரீன் பே, இதே ஜெட்ஸுக்கு பிரெட் ஃபாவ்ரை விற்றது. அடிப்படை விலை நான்காம் சுற்று. பாதி ஸ்னாப் ஆடினால் மூன்றாம் சுற்று. 70 விழுக்காடு ஆடி அணி பிளேஆஃப் போனால் இரண்டாம் சுற்று. 80 விழுக்காடு ஆடி சூப்பர் பௌல் போனால் மட்டுமே முதல் சுற்று. இதைவிட நேர்மையான விலைச்சீட்டு இந்தச் சந்தையில் அபூர்வம். ஜெட்ஸ் 8-3 என்று பறந்து, ஃபாவ்ரின் கைத்தசை காயத்தோடு 9-7 என்று இறங்கியது. கொடுத்தது மூன்றாம் சுற்று. கிரீன் பே அதற்கு ஏன் சம்மதித்தது? ஓய்வு அறிவித்துவிட்டுத் திரும்பி வந்த நட்சத்திரமும், அவருக்குப் பதிலாகத் தயாராக நிற்கும் இளைஞனும் ஒரே முகாமில் இருப்பது விற்கிறவருக்கும் நரகம். அந்த இளைஞனின் பெயர் ஆரோன் ராட்ஜர்ஸ். 15 ஆண்டு கழித்து அதே நாடகம், வேடம் மட்டும் மாறியது: இம்முறை காத்திருந்தவர் 2020-இல் எடுத்த ஜோர்டன் லவ். சீசன் தொடங்குமுன் ராட்ஜர்ஸுக்குத் தர வேண்டிய 5.8 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை கிரீன் பேயின் தலைக்கு மேல் தொங்கியது. மூத்த நட்சத்திரத்தை விற்பவர் பெரும்பாலும் விற்றே தீர வேண்டியவராக இருப்பார். வாங்குபவர் அதை உணர்வதில்லை, ஏனென்றால் அவருக்கு அவருடைய அவசரம்.

அந்த அவசரத்தின் விலையை அளக்க கார்சன் பாமரை விட நல்ல அளவுகோல் கிடையாது. 2011 அக்டோபரில் சின்சினாட்டியில் இனி ஆடமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார் அவர். 4-2 என்று நல்ல நிலையில் இருந்த ஓக்லண்ட் ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக் ஜேசன் கேம்பலுக்குக் காறை எலும்பு முறிந்தது. வாணிபக் காலக்கெடு தொட்டுவிடும் தூரத்தில். அணியின் உரிமையாளர் ஆல் டேவிஸ் இறந்து பத்து நாள் அளவே ஆகியிருந்தது. ஒரு முதல் சுற்றும் ஓர் இரண்டாம் சுற்றும் கொடுத்து வாங்கினார்கள். அந்த சீசன் 8-8, அடுத்தது 4-12. 2013-இல் அதே பாமரை அரிசோனா கார்டினல்ஸ் ஓர் ஆறாம் சுற்று உரிமைக்கும் கொஞ்சம் சில்லறைக்கும் தூக்கிக்கொண்டு போனது. 2015-இல் அரிசோனா அவரை வைத்து 13-3 என ஆடி, சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே உள்ள மாநாட்டு இறுதிவரை சென்றது. ஆள் அதே ஆள். வயது மட்டும் கூடியிருந்தது, விலையோ இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஓக்லண்ட் கொடுத்தது பாமருக்கான விலை அல்ல, தன் பதற்றத்துக்கான விலை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவனும், உழவு நாளில் காளை செத்துப் போனால் சொன்ன விலைக்குத்தான் வாங்குவான்.

காகிதத்தில் எழுதப்படாத ஒரு செலவும் உண்டு, அதை எந்தப் புள்ளிப் பட்டியலும் அளப்பதில்லை. பெரிய நட்சத்திரம் தனியாக வருவதில்லை. ராட்ஜர்ஸ் வருமுன்பே அவருக்குப் பிடித்தமான ஹேக்கெட்டை, ஆம், டென்வர் துரத்திய அதே ஹேக்கெட்டை, ஜெட்ஸ் தாக்குதல் பயிற்சியாளராக அமர்த்தியிருந்தது. பின்னால் கிரீன் பேயின் பழைய கூட்டாளிகள் ஆலன் லசார்டும் ராண்டல் காப்பும்; 2024-இல் டாவன்டே ஆடம்ஸும். நான்காவது ஸ்னாப்பில் ராட்ஜர்ஸ் போனபோது, அதுவரை அவருக்காக வாங்கியவை எல்லாம் அங்கேயே நின்றன, அவரைத் தவிர. 2008-லும் இப்படித்தான்: ஃபாவ்ருக்கு இடம் கொடுக்க சாட் பென்னிங்டனை ஜெட்ஸ் அனுப்பியது, அவர் அதே பிரிவின் மயாமி டால்ஃபின்ஸில் சேர்ந்து, சீசனின் கடைசி ஆட்டத்தில் ஜெட்ஸையே அதன் சொந்த மைதானத்தில் வென்று பிரிவுப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். வாங்கும் பொருளின் விலையைக் கூட்டும்போது, அதற்காக வெளியே எறியும் பொருளையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

டாம் பிரேடி 43 வயதில் டாம்பா பே அணிக்கு சூப்பர் பௌல் வாங்கித் தரவில்லையா, பெய்டன் மேனிங் 39 வயதில் டென்வருக்குத் தரவில்லையா என்று கேட்பார்கள். தந்தார்கள். இருவரும் ஒப்பந்தம் முடிந்தோ விடுவிக்கப்பட்டோ சுதந்திரமாக வந்தவர்கள். அவர்களுக்காக ஓர் ஏழாம் சுற்றுகூடக் கைமாறவில்லை. வாங்கிய அணிகள் தங்கள் இளைஞர்களை அப்படியே வைத்துக்கொண்டு பணத்தை மட்டும் பணயம் வைத்தன. கிழவர்களால் முடியாது என்பது இங்கே வாதம் அல்ல. முடியும் என்பதாலேயே ஆசை வருகிறது, ஆசை வருவதாலேயே விலை ஏறுகிறது. 2022-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், 37-ஐ நெருங்கிக்கொண்டிருந்த மாட் ரயனை ஒரு மூன்றாம் சுற்றுக்கு வாங்கியது. அவர் வந்தும் அணி 4-12-1 என்று தோற்றது, அவரைப் பெஞ்சிலும் உட்கார வைத்தார்கள். ஆட்டத்தில் அது தோல்வி. வாணிபமாகப் பார்த்தால் எனக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை. அந்தப் பரிசோதனைக்கு அதுதான் விலை. 4 கோடி டாலருக்கு மேல் செத்த பணத்தைச் சுமந்தது விற்ற அட்லாண்டா ஃபால்கன்ஸ்.

ஆகவே 36 தாண்டிய ஒரு குவார்ட்டர்பேக் சந்தைக்கு வரும்போது, என் கணக்கு இப்படிப் போகும். நிச்சயமாகக் கொடுப்பது மூன்றாம் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் எல்லாம் படிக்கட்டு: ஆடிய ஸ்னாப்களுக்கு ஒரு படி, பிளேஆஃப் போனால் ஒரு படி, மறு ஆண்டும் சட்டை மாட்டினால் ஒரு படி. இந்தக் கடைசிப் படியைத்தான் ஜெட்ஸ் 2023-இல் கட்டத் தவறியது. ஓய்வு பெறும் எண்ணத்தில் இருந்ததாக அதே வசந்தத்தில் ராட்ஜர்ஸே பொதுவெளியில் சொல்லியிருந்தார். 65 விழுக்காடு ஆடி முடித்துவிட்டு விடைபெற்றிருந்தால், ஓராண்டு ஆட்டத்துக்கு ஜெட்ஸ் ஒரு முதல் சுற்றைத் தொலைத்திருக்கும். குதிகால் அறுந்தது அணியை ஒரு பெரிய விலையிலிருந்து தப்பவைத்தது என்பது கசப்பான வேடிக்கை. நீட்டிப்பைப் பற்றிப் பேச்சு, சீசன் முடிந்த பிறகு. 33 வயதுக்காரருக்கும் கட்டி முடித்த அணிக்கும் இந்தக் கணக்கைத் தளர்த்தலாம். முதல் சுற்றும் கொடுக்கலாம். கட்டாத அணிக்கு எந்த வயதிலும் தளர்த்தக் கூடாது.

ஜெட்ஸ் 2023-இல் 7-10, ராட்ஜர்ஸ் 17 ஆட்டமும் ஆடிய 2024-இல் 5-12. பயிற்சியாளர் ராபர்ட் சாலேவும் பொது மேலாளர் ஜோ டக்ளஸும் 2024 சீசன் நடுவிலேயே வேலை இழந்தார்கள். 2025-இல் ராட்ஜர்ஸ் பிட்ஸ்பர்க் போனார். ஃபாவ்ருக்காகக் கிடைத்த மூன்றாம் சுற்று உரிமையை கிரீன் பே 2009-இல் வேறு இரண்டோடு சேர்த்து நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து, முதல் சுற்றுக்கு ஏறி கிளே மேத்யூஸை எடுத்தது; 2011 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்ற அணியின் தற்காப்பில் அவர்தான் முன்னணி. டெட்ராய்டோ ராம்ஸ் கொடுத்த உரிமைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி ஜேமிசன் வில்லியம்ஸ், ஜாமீர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா என்று ஒரு தாக்குதல் வரிசையையே கட்டியது. 2024 ஜனவரி 14-இல் ஃபோர்ட் ஃபீல்டில் இரண்டு அணிகளும் பிளேஆஃபில் மோதின. ஒரு பக்கம் ஸ்டாஃபோர்ட், விரலில் சூப்பர் பௌல் மோதிரத்தோடு. மறு பக்கம் அவருக்கு ஈடாகக் கொசுறுபோலத் தள்ளிவிடப்பட்ட கோஃப். டெட்ராய்ட் 24-23 என்று வென்றது, 32 ஆண்டுகளில் அதன் முதல் பிளேஆஃப் வெற்றி. 12 ஆண்டு தங்கள் ஊருக்காக உழைத்தவரைப் பார்த்துக் கூச்சலிட்ட கூட்டம், கல் என்று கழற்றி எறியப்பட்டவரின் பெயரை விடாமல் முழங்கிக்கொண்டிருந்தது.